பறக்கும் லைசென்ஸ்

எங்கள் ஊரில் 'லேசென் தெர்பாங்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பறக்கும் லைசென்ஸ். சோதனைக்கே போகாமல் கோப்பிக் காசு கொடுத்து வாங்குவது. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் "பறக்கிற லைசென்ஸ் எடுக்கப் போறேண்ணே" என்று நான் அறிவித்ததும், கல்லாவில் இருந்த அண்ணன் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு கேக்குறான்?" என்றார்.

"அது இல்லண்ணே. கிளைடர். இஞ்சின் இல்லாத விமானம்."

"இஞ்சின் உள்ளதையே நீ..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிவிட்டு தே தாரிக் ஆற்றப் போனார். நான் கார் லைசென்ஸுக்கான மேட்டுச் சோதனையில் மூன்று முறை பெயிலான கதை அவருக்குத் தெரியும்.

சரிவில் ஏறி மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சை மெல்ல விட்டு, காடியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். முதல் தடவை கஞ்சில் காடி பின்னால் உருண்டது. இரண்டாம் தடவை இஞ்சின் அணைந்தது. மூன்றாம் தடவை மிக அழகாக நின்றேன், அங்கேயே நின்றேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கவில்லை என்பது, கருகிய கிளட்ச் வாடை வந்தபிறகுதான் உறைத்தது. வெளியே நின்ற அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கிளைடருக்கு அனைத்துலகக் குறைந்தபட்ச விதி எளிமையாகத்தான் இருக்கிறது. வயது 16. பறந்த அனுபவம் 6 மணி நேரம். அதில் 2 மணி நேரம் தனியாக, 20 ஏற்ற இறக்கங்களோடு. ஐரோப்பாவில் 15 மணி நேரப் பயிற்சி, 45 தடவை ஏறி இறங்க வேண்டும். ஆறு மணி நேரம்தானா என்று சிரித்தேன். மழை நாளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் போய்த் திரும்பினாலே பாதி முடிந்துவிடுமே!

கணினியில் 'காண்டார்' கிளைடர் விளையாட்டைப் போட்டுப் பழகினேன். கிளைடரின் கண்ணாடிக்கு வெளியே, விமானி கண்ணுக்கு நேரே ஒரு துண்டு நூல் ஒட்டியிருக்கும். அது நேராகக் கிடந்தால் விமானம் ஒழுங்காகப் போகிறது. சாய்ந்தால் பக்கவாட்டில் நழுவுகிறது. விலை உயர்ந்த கருவிகளுக்கு நடுவில் மாமியார் மாதிரி அந்த நூல். என் நூல் நேராகக் கிடந்த ஞாபகமே இல்லை. இறங்கும்போது தப்பினால் இன்னொரு சுற்று சுற்றி வரவும் இஞ்சின் கிடையாது. பதினோரு தடவை மரத்தில் இறங்கினேன். பின்னால் நின்று பார்த்த மகள் எண்ணிச் சொன்ன கணக்கு.

அவள் அப்போதுதான் கார் லைசென்ஸ் எடுத்து, புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். ஐரோப்பாவில் கிளைடர் வாத்தியாராகப் பயிற்சிக்குச் சேரவே, தலைமை விமானியாக 100 மணி நேரமும் 200 ஏற்றங்களும் கணக்கில் இருக்க வேண்டும். எனக்கோ காடி ஓட்டி முப்பது வருஷ அனுபவம். அவளுக்கு வாத்தியார் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி வாரம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா. லோரி ஒன்று உரசிப் போவதாக எனக்குத் தோன்ற, அவள் ஓட்டிக்கொண்டிருக்கையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். லோரி இரண்டு கடை தள்ளி, சும்மா நின்றுகொண்டிருந்தது.

"இனி நீங்களே ஓட்டுங்கப்பா."

ஓட்டினேன். பேரங்காடியின் கார் நிறுத்துமிடச் சரிவில் வரிசை நின்றது. பின்னால் ஹாரன். காடி மெல்லப் பின்னுக்கு நகர, பக்கத்திலிருந்து ஒரு கை வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தது.

"அப்பா," என்றாள், முன் கண்ணாடியைப் பார்த்தபடி. "நூல் சாயுது."