துணைமின் நிலையம், எங்கள் வீட்டுக் கூடம்

அனுப்புநர்: இன்வர்ட்டர் வைத்திருக்கும் நுகர்வோர் ஒருவர்.

பெறுநர்: எங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கியும் வழங்காமலும் வரும் அதிகாரி அவர்கள்.

பொருள்: எனது இல்லத்தைத் துணைமின் நிலையமாக அங்கீகரித்து ஊதியம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் வேலையில் பாதியை இப்போது நான்தான் பார்க்கிறேன். கூடத்தில் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் அதன் தலைமேல் இன்வர்ட்டரும் நிறுவப்பட்டுள்ளன. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும் என்றார் எலக்ட்ரீசியன். எனவே ஜன்னலோரம் இருந்த அப்பாவின் சாய்வு நாற்காலியை அகற்றி, நிலம் கையகப்படுத்தும் பணியை நிறைவேற்றினேன். இழப்பீடு பரிசீலனையில் உள்ளது.

மின்வெட்டுப் பிரிவையும் நானே கவனிக்கிறேன். கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கெய்சர் ஆகியவற்றுக்கு இன்வர்ட்டர் லைன் கிடையாது. கூடத்துக்கும் அப்பாவின் அறைக்கும் ஆளுக்கொரு ஃபேன், ஒரு டியூப்லைட். அடுப்படிக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து என் மனைவி, நாங்கள் தங்கள் அலுவலகத்துக்கு போன் செய்யும் அதே குரலில்தான் என்னிடம் பேசுகிறாள். "ஆள் போயிருக்கிறார், வந்துவிடும்" என்று நானும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். இரண்டு ஃபேன் 150 வாட், இரண்டு டியூப்லைட் 80 வாட். இன்வர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 24 ஆம்பியர் வெளியேறுகிறது. சார்ஜர் உள்ளே அனுப்புவதோ 15 ஆம்பியர். ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்குதான் நல்லது, அவசரப்பட்டு ஏற்றினால் பேட்டரி சூடாகும். ஆக, தாங்கள் ஒரு மணி நேரம் நிறுத்தினால் அதை ஈடுகட்ட எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேண்டும். தாங்களோ ஒரு மணி நேரம் தந்து ஒரு மணி நேரம் பறிக்கிறீர்கள். 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்கள் கண்ட அதே ஏற்பாடு. நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. வாரண்டி அட்டையில் இதற்கு ஒரு வரியும் இல்லை, பார்த்துவிட்டேன்.

போட்ட யூனிட்டும் முழுதாகத் திரும்பாது. பேட்டரியிலும் இன்வர்ட்டரிலும் போனது போக மூன்றில் இரண்டு பங்கு தேறினால் பெரிது. மீதி சூடாகப் போகிறது, மீட்டர் அந்தச் சூட்டுக்கும் சேர்த்தே ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறதல்லவா, அந்தக் கோட்டைத் தாண்ட என்னைத் தள்ளிவிடுவது தாங்கள் தராத மின்சாரம்தான். இப்படி ஒரு வியாபாரம் மளிகைக் கடைக்காரருக்குக்கூட வாய்க்காது. தவிர, கரண்ட் வந்ததும் தெருவிலுள்ள இன்வர்ட்டர்கள் அத்தனையும் ஆளுக்குச் சுமார் கால் கிலோவாட் வீதம் ஒரே மூச்சில் இழுக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது. தாங்கள் மறுபடி நிறுத்துகிறீர்கள். நாங்கள் இன்னும் பெரிய பேட்டரி வாங்குகிறோம்.

எனவே மாத ஊதியத்துடன், டிஸ்டில்ட் வாட்டர் படியும் வழங்க வேண்டுகிறேன். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதிலுள்ள உப்பு தட்டைக் கெடுத்துவிடும். அமிலம் தெறித்து லுங்கியில் விழுந்த ஓட்டைகளுக்குச் சீருடைப் படி தனி.

நிதி நெருக்கடி என்பீர்களானால் ஊதியத்தை விட்டுவிடுகிறேன். எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள், எத்தனை மணிக்குத் தருவீர்கள் என்பதை மட்டும் முதல் நாளே அறிவித்து, சொன்னபடி செய்யுங்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து தாருங்கள். ஒரு மணி நேர வெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊதியமில்லாத் துணைமின் நிலையப் பொறுப்பாளர்