பொறுங்க சார், புதுசு வருது!

எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். புது செட்டாப் பாக்ஸ் வாங்குவதாக அவர் காதில் விழும்படி பேசவே கூடாது. எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். "அதையா? பொறுங்க சார், புதுசு ஒண்ணு வருது. அதுல எல்லாமே வருதாம்."

எல்லாமே என்றால்? விரல் மடக்க ஆரம்பிப்பார். "நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், சோனி லிவ்..." ஒரு கை தீர்ந்து, ஜீ ஃபைவ், ஆஹா என்று அடுத்த கைக்குப் போவதற்குள் நம் காபி ஆறிவிடும். "அத்தனைக்கும் ஒரே ரிமோட், ஒரே பில்!" எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்டால், "இன்னும் வெளியில விடலை" என்று குரலைத் தாழ்த்துவார். வெளியில் விடாததை இவரிடம் விட்டது யார்? பெங்களூரில் இருக்கும் மச்சினன். மச்சினனுக்கும் டிவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெங்களூரில் இருக்கிறான், போதாதா?

நல்ல வரன் கைக்கு வந்திருக்கும்போது, "ஆடி போகட்டும், ஆவணியில ஒரு ஜாதகம் வருது" என்று இழுக்கிற தரகர் மாதிரி, எங்கள் குடியிருப்பில் பல டிவிகளுக்கு இன்னும் கல்யாணமாக விடவில்லை இவர்.

எரிச்சல் எங்கே வருகிறதென்றால், அவர் சொல்வது நடந்து தொலைக்கிறது. 2012 கடைசியில் கமல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச்.சில் காட்டப்போவதாக அறிவித்தார். "இனிமே புதுப்படமெல்லாம் நம்ம ஹால்லதான் ரிலீஸ்" என்று மொட்டைமாடியில் தீர்ப்புச் சொன்னார் நம்மவர். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள்; நினைத்தபடி நடக்கவில்லை. 2020 மே மாதம் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேராக பிரைமில் வந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு பால்கனியிலிருந்தே கத்தினார்: "ஏழு வருஷம் முன்னாடியே சொன்னேனா இல்லையா?"

நெட்ஃபிளிக்ஸ் கதையும் அதேதான். 2016 ஜனவரியில் அது இந்தியாவுக்கு வந்தபோது, "தனியா காசு கட்டாதீங்க, டி.டி.எச்.காரனே சேர்த்துக் கொடுப்பான்" என்றார். 2022 ஜனவரியில் டாடா ஸ்கை, டாடா பிளே என்று பெயர் மாற்றிக்கொண்டு நெட்ஃபிளிக்ஸையும் பேக்கில் சேர்த்தது. சரி, இப்போதாவது வாங்கலாமா? "பொறுங்க. இதுல இன்னும் யார் யாரோ ஒண்ணு சேரப்போறான்." 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் ஒன்றாகிவிட்டன. "பாத்தீங்களா? அவசரப்பட்டு ரெண்டுக்கும் கட்டியிருந்தா?" நடுவில் வந்துபோன மேட்சுகளை எந்த டிவியில் பார்ப்பது என்று அவர் சொன்னதே இல்லை.

இவரைத் திட்டி என்ன பயன் என்றும் சில சமயம் தோன்றும். கம்பெனிக்காரர்கள் வாயில் 'வருது' என்றால் ஆப்பின் பெயரும் படமும் திரையில் வருகின்றன, அவ்வளவுதான். அழுத்தினால் சந்தா கேட்கும். ரீசார்ஜோடு இலவசம் என்று கொடுக்கிற சந்தாக்களில் சில மொபைலில் மட்டும்தான் ஓடும். ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒழுங்காகப் பணம் கட்டுகிறவனையாவது நிம்மதியாக விடுகிறார்களா? பிரைமில் 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரம். அது வேண்டாமென்றால் அதற்கும் தனியாக அழவேண்டும். எழுபது தாண்டிய என் அம்மா கேட்பது ஒரே ஒரு சேனல். அதை எட்டுவதற்கு அவள் யாரோ சுத்தியலால் யாரையோ அடிக்கிற போஸ்டர்களை வரிசையாகத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. பெட்டி செய்கிறவர்கள் வீட்டில் அம்மா என்று யாரும் கிடையாதா?

கடைசியில் அவரிடம் மூச்சுவிடாமல் ஒன்றை வாங்கி மாட்டினோம். எப்படித்தான் தெரிந்ததோ, அன்று சாயங்காலமே வந்து நின்றார். கோபமே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை ரிமோட்டின் அம்புக்குறியால் நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். முடிகிற சமயத்தில் ஒரு எழுத்து தப்பாக விழும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் மகன் இரண்டாவது எழுத்திலேயே எழுந்து போய்விட்டான்.

"இதுல பேசினாலே போதும். சொல்லுங்கம்மா" என்று ரிமோட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை மூக்குக்கு நேரே பிடித்து, "கொஞ்சம் சீரியல் போடுப்பா" என்றாள். கல்யாண மண்டபத்துக்குச் சீரியல் லைட் கட்டுவது எப்படி என்று ஒரு யூடியூப் வீடியோ ஓட ஆரம்பித்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாள் கேட்டு வாங்கி, சேனல் நம்பரையும் எந்த பட்டனுக்கு அப்புறம் எந்த பட்டன் என்பதையும் கொட்டை எழுத்தில் எழுதி, டிவி பக்கத்தில் ஒட்டினார். அம்மா இன்றுவரை அதைப் பார்த்துத்தான் போடுகிறாள்.

கிளம்பும்போது, பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியை நான் மடக்குவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அதைக் கிழிச்சுடாதீங்க சார்! புதுசு வர்றப்ப எக்ஸ்சேஞ்சுக்கு டப்பாவோட கேப்பான்."