கமிஷன் வேண்டி ஒரு மனு

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாநிலப் பூத்தொழில் ஆணையம். (முகவரி: ஆணையம் பிறந்தபின் நிரப்பிக்கொள்ளவும்.)

அனுப்புநர்: முக்கால் ஏக்கர் மல்லி வைத்திருக்கும் மனுதாரர், நிலக்கோட்டைப் பக்கம், திண்டுக்கல் மாவட்டம்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

தங்கள் ஆணையம் இன்னும் பிறக்கவில்லை என்பது மனுதாரருக்குத் தெரியும். அதுவே தங்களுடைய தலையாய சிறப்பு என்பது அவர் கருத்து. பிறந்து, வளர்ந்து, பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட அலுவலகங்கள் பலவற்றின் படிகளை அவர் ஏறி இறங்கியிருக்கிறார். சாப்பாட்டு நேரம் முடிந்து வா என்று அவரிடம் இதுவரை சொல்லாத ஒரே அலுவலகம் தங்களுடையதுதான்.

போன வாரம் நடந்ததைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறார். பூ விவசாயிகளுக்கு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வாழையிலையில் கால் கிலோ அரும்பும் கட்டிப் போனார். முதல் மேசையில் பயிரின் பெயர் கேட்டார்கள். கணினியில் நெல் இருந்தது, கரும்பு இருந்தது, பருத்தி இருந்தது. மல்லிக்கு "இதர" என்று ஒரு கட்டம் கிடைத்தது. இரண்டாம் மேசையில் இருந்தவர் மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆணையம்னா கமிஷன்தானே பெரியவரே? அதைத்தான் சந்தையிலேயே நூத்துக்குப் பத்து பிடிக்கிறாங்களே, பத்தாதா?" என்றார். அறையே சிரித்தது. மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பூவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் வெளியே வரும்போது, மேலதிகாரியின் அறைக்குள் மாட்டியிருந்த படத்துக்கு அது சரமாகிக்கொண்டிருந்தது.

அந்த அலுவலர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை, ஐயா. இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லில் இரண்டு பொருளை வைத்துவிட்டுப் போனான். நெல்லுக்கும் தேயிலைக்கும் முதல் பொருள் போய்ச் சேர்ந்தது, பூவுக்கு இரண்டாவது வந்தது. முதல் கமிஷனுக்கு மனுப்போட வேண்டும். இரண்டாவது கமிஷன் மனுப்போடாமலே வந்து நிற்கும்.

அதே வாரத்துச் சந்தைச் சீட்டு மனுதாரர் சட்டைப் பையில் இருக்கிறது. முந்தின நாள் முகூர்த்தம். மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டியது என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் அவர் கொண்டுபோனது 14 கிலோ. ஈரம் என்று அரைக் கிலோ கழித்தார்கள். மீதிக்கு விலை 280. ஆக 3,780 ரூபாய். அதில் கமிஷன் 378. கடைக்காரரிடம் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்துக்கு ஆயிரம். தோட்டத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பறிகூலி 1,400, ஆட்டோவுக்கு 100. கையில் நின்றது 902 ரூபாய். முன்பணம் வாங்கிய கடையை விட்டு வேறு கடைக்குப் பூ கொண்டுபோக முடியாது என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரும்பை மூட்டை கட்டி வைத்து நாளைக்கு விற்கவும் முடியாது. சாயங்காலம் அது மலர்ந்துவிடும். மலர்ந்த மல்லியைச் சந்தையில் யார் கேட்கிறார்கள்?

இந்திய அரசுக்கு வாரியம் அமைக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டார் மனுதாரர். காப்பிக்கு 1942இல் சட்டம், ரப்பருக்கு 1947, தேயிலைக்கு 1953, தென்னைக்கு 1979. புகையிலைக்கு 1975. பெட்டிமேல் புற்றுநோய்ப் படம் ஒட்டி விற்க வேண்டிய பொருளுக்கு வாரியமே ஏல மேடை நடத்துகிறது. வாசனைப் பொருள்களுக்கு 1986இல் வாரியச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் கிராம்பு இருக்கிறது. கிராம்பு என்பது என்ன? விரியாத மொட்டு. குங்குமப்பூ இருக்கிறது. அது பூவின் நடுவிலிருந்து கிள்ளியெடுத்த இழை. 2025 பட்ஜெட்டில் பீகாரின் மக்கானாவுக்கும் வாரியம் அறிவித்தார்கள். மக்கானா அல்லிக் குடும்பத்துச் செடியின் விதை. ஆக, மொட்டு காய்ந்தால் வாரியம், பூவின் நடு இழைக்கு வாரியம், பூ முடிந்து விதையானால் வாரியம். பூ பூவாக இருக்கும்போது மட்டும் கமிஷன். முதல் பொருளில் அல்ல.

ஏற்றுமதிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அபீடா இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதன் அட்டவணையில் பூவுக்கும் இடம் உண்டு. இறைச்சி, கோழி, பிஸ்கட், சாராய வகை எல்லாம் கடந்து, ஊறுகாய், அப்பளம், சட்னி கடந்து, கொத்தவரைப் பிசினும் கடந்து, பதின்மூன்றாவதாக. பந்தியில் அப்பளத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் இலை போட்டார்களே என்று மனுதாரர் நன்றியோடு இருக்கிறார். 2021 ஜூலையில் மதுரை மல்லி அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் பறந்ததாகச் செய்தி வந்தபோது கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அந்தச் சட்டம் ஏற்றுமதிக்கானது. விமானம் ஏறாத அரும்பு அதன் கண்ணில் படாது.

தங்கள் அதிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மனுதாரர் கற்பனையைத் தேடிப் போகவில்லை. கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் 1990இல் கொய்மலர் வளர்ப்போருக்கென்று ஓர் ஆணையத்தை உருவாக்கியது. பூ வளர்ப்போரிடம் சட்டப்படி கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டது. அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்கும் விற்பனை வளர்ச்சிக்கும் செலவிடுவது அதன் கடமையாக இருந்தது. உறுப்பினர்களை வளர்ப்போரே தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக்குத் தணிக்கை இருந்தது. இதனால் அங்கே எல்லாரும் மாடி வீடு கட்டிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. 1991இல் அமெரிக்கா கொலம்பியப் பூவுக்கு வரியை நீக்க வழிசெய்யும் சட்டம் இயற்றியது. அதன்பின் கலிபோர்னியாவிலும் பண்ணைகள் பல மூடப்பட்டன. ஆனாலும் அடி விழுந்தபோது பேசுவதற்கு அவர்களுக்கென்று சட்டப்படி ஒரு வாய் இருந்தது. மனுதாரரும் நூற்றுக்குப் பத்து கொடுக்கிறார். அந்தப் பத்துக்கு வாயும் இல்லை, வாக்கும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு உண்டு, அதுவும் கேட்டால்தான்.

ஆகவே தங்கள் சட்டம் எழுதப்படும் நாளில் சிலவற்றைச் சேர்க்க வேண்டுகிறார். கமிஷன் கடைகள் தங்களிடம் பதிவு செய்ய வேண்டும். கமிஷனுக்குக் கமிஷன் ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும். (இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு மனுதாரர் தாமே சிரித்துக்கொண்டார்.) முதல் ஏல விலை, கடைசி ஏல விலை, வந்த எடை மூன்றையும் அன்றன்றே பலகையில் எழுத வேண்டும். தேயிலையில் சிறு விவசாயிக்கும் ஆலைக்கும் விலையைப் பங்கிட 2003ஆம் ஆண்டின் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையில் வழி இருக்கிறது. நீலகிரிக்காரர்கள் இன்னும் விலைக்குப் போராடுகிறார்கள்தான். ஆனால் காட்டிச் சண்டை போட அவர்களிடம் ஒரு காகிதம் இருக்கிறது. மல்லிக்கு அந்தக் காகிதமாவது வேண்டும். சித்திரையில் பூ குவிந்து விலை சரியும்போது வாசனைத் திரவிய ஆலைகள் என்ன விலைக்கு எடுக்கின்றன என்று கணக்குக் கேட்கும் அதிகாரம் வேண்டும். மார்கழிப் பனியில் அரும்பு கருகி, கிலோ சில ஆயிரம் என்று டிவி அலறும்போது, அந்த விலைக்கு விற்க எத்தனை பேரிடம் பூ இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடமை வேண்டும்.

இது இவ்வளவு பெரிய ஆசையா? விடியற்காலை மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலால் தட்டித் தட்டி நடந்து, பொம்பளைகள் பறிக்கிற அரும்பு அது. அதைத் தொடுத்து ஆளுயர மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடை மேடையாக நின்றவர்களில் ஒருவராவது, இந்த மாலையில் பறித்தவளுக்கு என்ன போனது என்று கேட்டிருக்கிறார்களா? சாமிக்குப் பூ, பிணத்துக்குப் பூ, மந்திரிக்குப் பூ. பூ வளர்த்தவன் வாசலில் வந்து நின்றால் "இதர". வெட்கமாக இல்லையா உங்களுக்கெல்லாம்?

மன்னிக்க வேண்டும், ஐயா. "உங்களுக்கெல்லாம்" என்றது தங்களை அல்ல. தாங்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று மனுதாரர் சொன்னதாகத் தயவுசெய்து பதிவாக வேண்டாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோவாளையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2023 வேளாண் பட்ஜெட்டில் மதுரை மல்லிக்கென்று தனி இயக்கம் அறிவித்தார்கள், 7 கோடி ரூபாயில். செடிக்குக் குறியீடு, நாற்றுக்குத் திட்டம், நோய்க்கு ஆராய்ச்சி எல்லாம் ஆயிற்று. பறித்த பிறகு தராசு வரைக்கும் உள்ள தூரத்துக்குத்தான் ஆள் இல்லை. அந்தத் தூரத்தைக் கமிஷன் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கமிஷன் என்று தங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும்.

தாங்கள் பிறந்ததும் இந்த மனுவை முதல் கோப்பாக எடுத்துக்கொள்ளப் பணிவுடன் வேண்டுகிறார். விசாரணைக்கு அழைப்பதானால் முகூர்த்த நாள்களைத் தவிர்க்கவும். மற்ற நாள்களில் மனுதாரர் காலை ஏழு மணிவரை தோட்டத்தில் இருப்பார், பிறகு கமிஷன் கடையில்.

இப்படிக்கு,
மனுதாரர்
(பயிர்: இதர)

இணைப்பு: சந்தைச் சீட்டின் நகல் ஒன்று. திருப்பித் தரப்பட்ட மனு, நாலு பக்கம். இந்த முறை பூ இணைக்கப்படவில்லை.