கொத்தவரங்காயும் கொசுறும்

இளங்காயை மணத்தழைகளுடன் எளிமையாகச் சமைத்தல் என்று நவீன சமையல் நூல்கள் வகுக்கும் நெறி, டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா கோட்டை கட்டிய பழவேற்காட்டின் மீனவக் குப்பங்களை எட்டும்போது சிறு திருத்தத்துக்கு உள்ளாகிறது. கோடைக்குரிய காய் கொத்தவரங்காய், தழையோ கறிவேப்பிலை. மேல்நாட்டில் இத்தகைய தழை பெட்டியிலிட்டு விலை ஒட்டி விற்கப்பட, இங்கே அது கொசுறாக, அதாவது காய் வாங்கியவருக்குக் காசின்றி மேலாகப் போடப்படுவதால், அதைப் பற்றிப் பெருமை பேச ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

காம்பும் நாரும் கிள்ளிப் பொடியாக நறுக்கி, உப்பிட்டு வேகவைத்துக் கசப்பு நீரை வடித்து, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துப் புரட்டினால் பொரியல் முடிந்தது என்பது நூல்களின் கருத்து. குப்பத்து அடுக்களையிலோ, வெறுஞ்சட்டியில் மொறுமொறுவென வறுத்து மணல் போகப் புடைத்த சென்னாக்குனி, அதாவது உலர்ந்த பொடி இறால், ஒரு கைப்பிடி விழும்வரை அது சோற்றுக்குத் தொடுகறியாக ஏற்கப்படுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், அப்போதேனும் காய் தனித்து அரசாளும் என்று நம்புவோர், தடை கடலுக்கு விதிக்கப்பட்டதேயன்றிக் கருவாட்டுப் பானைக்கு அன்று என்பதைக் கவனிப்பதில்லை.