தரமான முந்நூறு பேர்

கண்டியில் கேம் வீடியோ போடும் பிள்ளைகள் இரண்டு வகை. கூட்டம் உள்ளவர்கள் ஒன்று, தரம் உள்ளவர்கள் மற்றது. இரண்டாம் வகையில் சேர ஒரே தகுதிதான்: கூட்டம் இருக்கக் கூடாது.

நம் தரக்காரரைக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு மாடி அறையில் பார்க்கலாம். இருபத்திரண்டு வயது இருக்கும். கலர் கலராய் எரியும் லைட் பட்டி, நாற்காலியில் தலையணை, சுவர் முழுக்க முட்டை அட்டை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அந்த அட்டை. வெளிச்சத்தத்துக்கு அது தெரியாது. விடியற்காலை பன்சலையிலிருந்து பிரித் வரும், பின்னேரம் தகரத்தில் மழை வரும், இரண்டும் ஓய்ந்த நேரம் பார்த்து பாண் விற்கும் சூன் பாண் த்ரீவீலர் பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். ஒரு நாள் கேமின் கடைசி வட்டத்தில் நாலே பேர் மிஞ்சியிருக்க, நம்மவர் புதருக்குள் மூச்சடக்கிப் படுத்திருந்த சமயம் பீத்தோவன் வந்துவிட்டார். பின்னாலேயே அம்மாவின் குரல்: “தம்பி, கிம்புலா பணிஸ் வாங்கவா?” அவர் போட்டதிலேயே ஆயிரம் வியூஸ் தாண்டிய வீடியோ அது ஒன்றுதான். மூன்றாம் நாள் அழித்துவிட்டார்.

“அது என்னோட தரம் இல்லண்ணே.”

கூட்டம் என்றாலே அவருக்கு ஓர் இளக்காரம். “பெரஹெராவுக்கு எத்தனை ஆயிரம் சனம் வருது? எல்லாம் யானையைப் பார்க்கவா வருது? பாதிப் பேர் கடலை வாங்க வந்தவங்க. என்கிட்ட வர்ற முந்நூறு பேரும் யானையைப் பார்க்க வர்றவங்க.” இதில் யானை யார் என்று நாம் கேட்பதில்லை.

வாதத்துக்கு அவரிடம் இரண்டு சாட்சிகள் உண்டு. கூட்டம் கெட்டது என்பதற்குச் சாட்சி தமிழ்நாட்டு மதன். பப்ஜி விளையாடிக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி லட்சக்கணக்கில் சப்ஸ்கிரைபர் சேர்த்தவர். பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். “கூட்டம் எங்க கொண்டுபோய் விடுது, பார்த்தீங்களா?” முந்நூறு பேருக்கு முன்னால் அதே பேச்சைப் பேசுகிறவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் மாட்டாமல் இருப்பது ஒழுக்கத்தால் அல்ல, காதில் வாங்க ஆள் இல்லாததால்.

மனம் சோர்ந்த ராத்திரிகளில் சாட்சி மாறிவிடும். அப்போது வருபவர் ஸ்வீடன்காரர் பியூடிபை. 2010இல் தொடங்கி, 2019 ஆகஸ்டில் பத்துக் கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டவர். தனி ஆளாக அந்த எண்ணிக்கையைத் தொட்டதில் முதலாமவர். “அவருக்கும் ஒரு காலத்துல முந்நூறு பேர்தான் இருந்திருப்பாங்க. படிப்பை விட்டுட்டு ஹாட்டோக் கடையில வேலை செஞ்சுக்கிட்டே வீடியோ போட்டவர் அவர்” என்று அம்மாவிடம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டார். “அப்ப நீயும் காசல் ஹில் வீதியில ஒரு கடைக்குப் போயேன்டா. அந்தப் பையன் மாதிரியே முன்னுக்கு வரலாம்ல?”

ஒரு முறை நல்ல காலம் வாசல்வரை வந்ததும் உண்டு. பப்ஜி மொபைலை இந்திய அரசு 2020 செப்டெம்பரிலேயே தடை செய்திருந்தது. 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் கேமுக்கும் தடை விழுந்தது. இலங்கையில் அந்தத் தொல்லை இல்லை. இனித் தமிழ்நாடு முழுக்கத் தன்னைத்தான் பார்க்கப்போகிறது என்று கணக்குப் போட்ட தரக்காரர், கொள்கையைக் கொஞ்ச நாளைக்கு மடித்து வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சென்னைப் பேச்சுப் பழகினார். அங்கே ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற உடன்பிறப்பு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு மார்ச் கடைசியில் இங்கே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டு. “வணக்கம் மக்களே” என்று வாயைத் திறப்பார், அறை இருட்டாகும். கரண்ட் திரும்பியபோது கொள்கையும் கூடவே திரும்பிவிட்டது. இப்போது கேட்டால், சிங்களத்தில் பேசினால் நாட்டுக்குள் கூட்டம், சென்னைத் தமிழில் பேசினால் கடல்தாண்டிய கூட்டம், வீட்டுத் தமிழில் பேசினால்தான் தரம் என்கிறார்.

கேலி இருக்கட்டும், பையனிடம் சரக்கு இருக்கிறது. 2 ஜிபி ராம் உள்ள பழைய போனை வைத்துக்கொண்டு, சிக்னல் வந்து வந்து போகும் மலைப் பக்கத்தில் எப்படி விளையாடுவது என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறார். கிராபிக்ஸை எதுவரை இறக்கலாம், மெச்சுக்குள் போகும்முன் பிங்கை எப்படிப் பார்ப்பது, சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடினால் சூடேறி போன் ஏன் திணறுகிறது, எல்லாம் அதில் உண்டு. ஹந்தானையிலும் கலஹாவிலும் லயத்து வாசலில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இதைவிட உபயோகமாக யாராவது பேசியிருப்பார்களா, சந்தேகம்தான். ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து, ஒவ்வொரு ‘ம்ம்’ சத்தத்தையும் வெட்டியெறிந்து செய்தது. அறுபது பேர் பார்த்தார்கள். அதே வாரம் அடுத்த தெருப் பையன் வாயை ஆவென்று பிளந்த தம்ப்நெயிலோடு, கேமுக்குள் காசாகச் செல்லும் டயமண்டைக் காட்டி ‘இலவச டயமண்ட்’ என்று ஒன்றைப் போட்டான், ஆயிரக்கணக்கில் ஓடியது. அப்படி இலவசம் தருகிறோம் என்று இழுக்கும் இடங்களில் பெரும்பாலும் நம்முடைய பாஸ்வேர்ட்தான் இலவசமாகப் போகும். யூடியூப்புக்கு அந்தக் கவலை இல்லை. விளம்பரக் காசில் முழுப் பங்கு வேண்டுமானால் ஆயிரம் சப்ஸ்கிரைபர், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வை என்று கேட்கிறது. நல்ல வீடியோவா என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

இங்கேதான் தரக்காரரின் குட்டு உடைகிறது. எண்ணிக்கையை மதிக்காத இந்த மனிதர் விடிந்தவுடன் பல் விளக்கும் முன் எண்ணிக்கையைப் பார்க்கிறார். இரண்டு பேர் குறைந்திருந்தால் அன்றைக்குக் காலைச் சாப்பாடு இல்லை. அந்த முந்நூறு பேரும் யார் யார் என்று அவருக்கு மனப்பாடம்: பள்ளிக்கூடத்து வட்ஸப் குழு, கட்டாரில் இருக்கும் மாமா வீட்டார், கனடாவில் மூன்று குடும்பம், அக்குறணைக் கூட்டாளி, அவனுடைய நானா, வெவ்வேறு பெயர்களில் இவரே நாலு பேர். கம்பளைச் சித்திக்குத் தனி இடம். 4,000 மணி நேரத்தை நிரப்புவதற்காக அவர் சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்து, பெறாமகன் வீடியோக்களை வரிசையாக ஓடவிட்டுவிட்டு வேலை பார்ப்பார். பருப்பு வேகும், மணி நேரம் ஏறும்.

ஓடவிட்ட சித்தி எப்போது பார்க்கத் தொடங்கினார் என்பது தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார்.

“டேய் தம்பி, அந்த மஞ்ச வீட்டுக்குள்ள ஏன்டா போன? போன வாரமும் அங்கதானே செத்த? மாடியில ஒருத்தன் நிக்கிறான்னு காலடிச் சத்தம் கேட்டுச்சே, உனக்குக் கேக்கலயா? நீ பேசிக்கிட்டே இருக்க, அதான் கேக்கல.”

தரக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சித்தி, நீங்க பார்க்க வேணாம். ஓடவிடுங்க, போதும்.”