சட்டியில் இருந்தால்தான் முட்டை

கேள்வி: கடலில் வாழும் சிறு புழுக்களின் ஆயுளையும் இனப்பெருக்கத்தையும் உணவு எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?

பதில்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்னும் பழமொழி இப்புழுக்களுக்கு உயிரியல் விதியாகவே பொருந்துகிறது. மத்தியதரைக் கடலில் வாழும் ஆஃப்ரியோட்ரோக்கா பியூரிலிஸ், உடல் வளையங்களில் நுண்மயிர்க் கற்றைகள் கொண்ட பாலிகீட்டா வகையைச் சேர்ந்தது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அப்புழு முதலில் ஆணாக முதிர்ந்து, நன்கு தின்று வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது என்றாலும், பட்டினி நேர்ந்தால் மீண்டும் ஆணாகிவிடுகிறது. கருவுக்கான சேமிப்புணவாகிய மஞ்சட்கருவை நிரப்ப மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதாலும், விந்தணுவுக்கு அச்செலவு இல்லாததாலும், வறுமைக் காலத்தில் முட்டையைக் கைவிட்டு உயிரைக் காத்துக்கொள்வதே அதற்கு ஆதாயமாகிறது.

மற்றொரு கடற்புழுவான பிளாட்டிநெரிஸ் டுமெரிலியோ சேமித்த அனைத்தையும் ஒரே இரவில் செலவிடுகிறது. தான் நெய்த பட்டுக்குழலில் தங்கிப் பாசியை மேய்ந்து வளரும் அப்புழு, முதிரும்போது உண்பதை நிறுத்திவிட, அதன் குடல் சுருங்கிச் சிதைகிறது. கண்கள் பெருத்து, நிலவின் சுழற்சியை ஒட்டிய இரவொன்றில் நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, முட்டைகளையோ விந்தையோ வெளியேற்றி மடிகிறது. அது இளமையில் உண்ட உணவே, குஞ்சுகளுக்கு முதல் சில நாட்களின் கட்டுச்சோறாகிறது.