உப்பில்லாத கடலோடிகள்

கடலில் நங்கூரமிட்டுப் படகிலேயே குடியிருப்பவர்களின் கவலைகள் நாம் அறிந்தவைதாம்: அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டும், இரும்பெல்லாம் துருவேறும், நங்கூரம் நடுராத்திரியில் நழுவும். ஹைதராபாத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஊரே கடல்மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் மேலே இருக்கிறது, உப்புக்கு வழியேது?

ஆனாலும் உசேன் சாகரில் பாய் விரிகிறது. 16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹிகள் காலத்தில் அமைத்த ஏரி. பருவமழைக் காற்றை நம்பி ‘ஹைதராபாத் செய்லிங் வீக்’ என்ற பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அதில் ஓடும் லேசர் படகு நாலேகால் மீட்டருக்குள் அடங்கும். ஆள் ஒருவர், அடுப்படி இல்லை, படுக்கையும் இல்லை. பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுத்துவிடலாம்.

பராமரிப்பா? கொட்டலசுக்குப் பதில் ஆகாயத்தாமரை. சுக்கானில் சிக்குவது கடற்பாசியல்ல, விநாயகர் கரைந்தபின் மிஞ்சிய ஜரிகைத் துணி. கூகட்பல்லி நாலா என்ற சாக்கடைக் கால்வாய் என்னவெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை, படகு கவிழ்ந்து ஒரு வாய் குடித்தவரிடம் கேளுங்கள். மற்ற ஊர்களில் உப்பு போகப் படகை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். இங்கே நன்னீர் ஏரியில் ஓட்டிய படகையும் நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும், பிறகு ஓட்டியவரையும்.

இந்த ஏரியில் நிரந்தரமாக நங்கூரமிட்டிருப்பவர், 1992 டிசம்பரில் நடுவே வந்து நின்ற 18 மீட்டர் புத்தர் ஒருவரே. எல்லாவற்றையும் துறந்தவர், தாக்குப்பிடிக்கிறார். மூக்கைத் துறக்காத மற்றவர்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் கரையில் உலாவப் போகிறார்கள்.